சந்தேகப் பட்டியலில் இருந்த நட்சத்திரங்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். முக்கியமாக தரம் 9, 10, 11 பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வாசித்துக் காட்டுங்கள்.

இந்த வருட ஜனவரியில் ஒரு நாள் டயகமவில் கரண்ட் இல்லை. பனிக்காலம், வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. பிள்ளைகள் நாலைந்து பேரோடு நாங்கள் வெளியே நின்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தோம். தரம் 10இல் படிக்கும் ஒரு மகள் திருவாதிரை நட்சத்திரத்தைக் காட்டி, "சேர், இது போன மாசத்த விட மங்கிப் போச்சு" என்றாள். "பனியா இருக்கும் மகள்" என்று சொல்லி விட்டோம். அவள் விடவில்லை. "பனின்னா பக்கத்துல இருக்கிறதும் மங்கணுமே சேர்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் எங்கள் தவறு விளங்கியது. அந்தப் பிள்ளை கேட்டது வெறும் கேள்வி அல்ல. ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் இருநூறு வருடங்களுக்கும் மேலாகப் பயன்படுத்தும் முறையே அதுதான். பக்கத்தில் இருக்கும் மாறாத நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார். மற்றது மாறாமல் இது மட்டும் மாறினால், சந்தேகப்படு. திருவாதிரை உண்மையிலேயே ஒளி மாறும் நட்சத்திரம்தான். 2019 கடைசியிலும் 2020 ஆரம்பத்திலும் அது வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மங்கியது.

எனவே அந்த மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

1867

1867 என்றால் நமக்கு உடனே நினைவு வருவது தேயிலை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட வருடம் அது. மலைநாடு அப்போது கோப்பிக்காடு. தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்த காலம். அப்படி வந்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் இன்று நம்மிடம் இருக்கிறது? பெரும்பாலான குடும்பங்களில் தாத்தாவின் அப்பா பெயருக்கு மேலே யாருக்கும் தெரியாது.

அதே 1867இல், அதே தமிழ்நாட்டில், சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். பஞ்சாங்கக் கணிதம் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதிலேயே வானாய்வகத்தில் சேர்ந்து முதல் உதவியாளர் என்ற இடத்துக்கு உயர்ந்தவர். தலைவர் அவர் அல்ல. 1861இல் இங்கிலாந்திலிருந்து வந்த நோர்மன் பொக்சன்தான் தலைவர். நட்சத்திரங்களின் ஒளியளவுக்கு இன்று உலகம் பாவிக்கும் கணக்கை 1856இல் முன்வைத்தவர் இந்தப் பொக்சன்தான். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு வித்தியாசம். எண் கூடக்கூட ஒளி குறையும். வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை ஆறாம் படி.

இரவிரவாக நட்சத்திரங்களின் இடத்தை அளந்து பதிவேட்டில் எழுதுவது ரகுநாதாச்சாரியின் வேலை. அந்த வேலையின் நடுவில் தெற்கு வானத்தில் ரெட்டிக்குலம் என்ற சின்ன விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் ஒளி மாறுவதை அவர் கண்டார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிக்குலி. ஒளி மாறும் நட்சத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை ஜெர்மனியின் ஆர்கெலாண்டர் வகுத்தார். ஒரு கூட்டத்தில் முதலில் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஆர் என்ற எழுத்து, அடுத்ததற்கு எஸ் என்று போகும். ஆக அந்தக் கூட்டத்தில் முதன்முதலாக ஒளி மாற்றம் காணப்பட்டது நம்ம ரகுநாதாச்சாரியின் கண்ணுக்குத்தான். நவீன வானியலில் இந்தியர் ஒருவர் செய்த முதல் கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்வார்கள்.

அது சுலபமான இடமும் அல்ல. சென்னையில் அந்த நட்சத்திரம் எவ்வளவு உயர எழும்பினாலும் அடிவானத்திலிருந்து சுமார் 14 பாகைதான். ஒளி மிகுந்திருக்கும்போது ஆறரைப் படி, குறையும்போது பதினான்கு. பொக்சன் கணக்குப்படி ஆயிரம் மடங்குக்கும் மேலான வித்தியாசம். ஒரு சுற்று முடிய சுமார் 278 நாள் ஆகும். நமக்கு அது சுமார் 20 பாகை உயரத்தில் வரும். ஆனால் டயகமவிலிருந்து தெற்கே பார்த்தால் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகள்தானே நிற்கின்றன!

ரகுநாதாச்சாரி அதோடு நிற்கவில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்தும், 1871 டிசம்பர் 12 கிரகணத்தை அவிநாசியிலிருந்தும் பார்த்தார். அந்த 1871 கிரகணம் நம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் முழுமையாகத் தெரிந்தது. 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்த மரியாதை கிடைத்த முதல் இந்தியர் அவரே. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண சனங்களுக்கு விளங்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டுமல்ல, கன்னடத்திலும் உருதுவிலும்கூட வந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகவும் பாடுபட்டார். 1880இல் காலமானார்.

சந்தேகம் எப்படி உறுதியாகிறது?

ஒரு நட்சத்திரம் மாறுகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே ஏற்பதில்லை. பிறை பார்த்ததாக ஒருவர் சொன்னால் நாம் என்ன கேட்போம்? எங்கே நின்று பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, மேகம் இருந்ததா, வேறு யார் பார்த்தது? நட்சத்திரத்துக்கும் அதே கேள்விகள்தான். உறுதிப்படும் வரை அது சந்தேகப் பட்டியலில் இருக்கும். 1982இல் அப்படி ஒரு சந்தேகப் பட்டியலே புத்தகமாக வந்தது. அதில் 14,811 நட்சத்திரங்கள்!

பலர் பல இரவுகள் பார்த்து எழுதிய அளவுகளை வரைபில் போடுவார்கள். ஏற்ற இறக்கம் தெரியும். அது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா, அரைகுறை ஒழுங்கா, ஒழுங்கே இல்லையா என்று பார்த்து வகை பிரிப்பார்கள். ஒழுங்காகவும் ஆழமாகவும் ஏறி இறங்குபவை மைரா வகை. ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் அந்த வகை.

ஆனால் வரைபு பாதிதான் சொல்லும். நட்சத்திரம் எதனால் ஆனது என்று சொல்லாது. அதற்கு அரியம் வேண்டும்.

செக்கியும் சிவப்பு நட்சத்திரங்களும்

அதே 1860களில் ரோமாபுரியில் ஆஞ்செலோ செக்கி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் நட்சத்திர ஒளியை அரியத்தின் ஊடாக விட்டு நிறமாலையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வைத்து நட்சத்திரங்களை வகைகளாகப் பிரித்தார். 1868இல் நாலாவது வகை ஒன்றைச் சேர்த்தார். எல்லாம் கடும் சிவப்பு, எண்ணிக்கை மிகக் குறைவு. நிறமாலையில் அகலமான கறுப்புப் பட்டைகள். அவை காபன் சேர்மங்கள் எரியும்போது தெரியும் பட்டைகளோடு பொருந்தின. அந்தப் பட்டைகளை ஸ்கொட்லாந்தின் வில்லியம் ஸ்வான் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே விளக்குச் சுவாலையில் ஆராய்ந்திருந்தார்.

இதைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். வீட்டில் கேஸ் குக்கரைப் பற்ற வையுங்கள். அந்த நீலச் சுவாலையின் நிறத்தில் பெரும் பங்கு, இரண்டு காபன் அணு சேர்ந்த மூலக்கூறும், காபனும் ஐதரசனும் சேர்ந்த மூலக்கூறும் வெளிவிடும் ஒளிதான். அடுப்பில் அவை ஒளியை விடுகின்றன. நட்சத்திரத்தில் அதே காபன் மூலக்கூறுகள் உள்ளிருந்து வரும் நீல ஒளியை விழுங்கி விடுகின்றன. மிஞ்சுவது சிவப்பு. இப்படிப்பட்டவைதான் காபன் நட்சத்திரங்கள்.

காபன் எப்படி அங்கே வந்தது? வயது போன நட்சத்திரத்தின் உள்ளே மூன்று ஈலியம் கரு சேர்ந்து ஒரு காபன் கரு உண்டாகிறது. சில நட்சத்திரங்களில் அந்தக் காபன் சட்டியின் அடியிலிருந்து கிண்டி விட்டதுபோல் மேலே வரும். மேற்பரப்பில் காபனும் ஒட்சிசனும் முதலில் ஜோடி சேர்ந்து காபனோரொட்சைட்டு ஆகிவிடும். பிறகு எது மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. ஒட்சிசன் மிஞ்சினால் தைத்தேனியம் ஒட்சைட்டு போன்றவை உண்டாகும். அவை எம் வகை. காபன் மிஞ்சினால் காபன் நட்சத்திரம். அதில் புகைக்கரிகூட உண்டாகும். குப்பி லாம்புச் சிமினியில் படியும் அதே கரி, நட்சத்திரத்தைச் சுற்றிப் படியும்.

அப்படியானால் ரகுநாதாச்சாரி கண்டது காபன் நட்சத்திரமா? இல்லை. பின்னாளில் அதன் நிறமாலையைப் பார்த்தபோது அது ஒட்சிசன் பக்கத்து எம் வகை என்று தெரிந்தது. காபன் நட்சத்திரம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கு மலை மறைக்காத வேறு இடம் நமக்கு உண்டு.

முயலின் ஓரத்தில்

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் திருவாதிரை இருக்கும் வேட்டைக்காரன் கூட்டத்துக்குத் தெற்கே முயல் என்ற கூட்டம் இருக்கிறது. அதன் முதல் நட்சத்திரத்தின் பெயர் அர்னப். மதரசாவில் ஓதும் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியும். அறபியில் அர்னப் என்றால் முயல். 964இல் பாரசீகத்தில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி எழுதிய நட்சத்திர நூல் போன்றவற்றின் வழியாகத்தான் இப்படிப் பல அறபுப் பெயர்கள் உலகத்துக்குப் போயின. ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியளவையும், சிலவற்றின் நிறத்தையும் அவர் எழுதி வைத்தார்.

அந்த முயலின் மேற்கு ஓரத்தில் ஆர் லெப்போரிஸ் இருக்கிறது. 1845இல் ஆங்கிலேயர் ஜோன் ரசல் ஹைண்ட் கண்டது. கறுப்பில் விழுந்த இரத்தத் துளிபோல் இருக்கிறது என்ற கருத்தில் அவர் எழுதியதால் ஹைண்டின் செந்நட்சத்திரம் என்றே பெயராகி விட்டது. இது காபன் நட்சத்திரம், மைரா வகையும்கூட. ஐந்தரைப் படியிலிருந்து பதினொன்றைத் தாண்டியும் மங்கும். சுமார் 300 மடங்கு வித்தியாசம். ஒரு சுற்றுக்குப் பதினான்கு மாதங்கள் அளவில் ஆகும். நமக்கு நல்ல உயரத்தில் வரும். ஒளி கூடிய மாதங்களில் சாதாரண பைனாகுலரில் தெரியும்.

எல்லாக் காபன் நட்சத்திரமும் இப்படி ஒழுங்காக நடப்பதில்லை. சில கொஞ்சமாக, ஒழுங்கில்லாமல் மாறும். இன்னொரு இனம் தலைகீழானது. வடக்கு வானத்தில் ஆர் கொரோனே பொரியாலிஸ் என்று ஒன்று, வருடக்கணக்காக ஆறாம் படியில் அசையாமல் நிற்கும். திடீரென்று அதைச் சுற்றிக் கரி உண்டாகி முகத்தை மூடும். உடனே பல படி இறங்கிவிடும். எனவே ஒளி வரைபும் நிறமாலையும் இரண்டும் சேர்ந்தால்தான் வகை சொல்லலாம். ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

நட்சத்திரங்கள் உள்ளே புதிய மூலகங்களைச் செய்கின்றன என்பதற்கு 1952இல் போல் மெரில் நேரடிச் சாட்சி கொடுத்தார். முதிய சிவப்பு நட்சத்திரங்கள் சிலவற்றில் தெக்னீசியம் என்ற மூலகத்தைக் கண்டார். அது நீண்ட காலம் தங்காமல் சிதையும் மூலகம். இருக்கிறது என்றால் அங்கேயே அண்மையில் செய்யப்பட்டது என்று அர்த்தம். நம் உடம்பிலும், கொய்யும் கொழுந்திலும், அடுப்பு விறகிலும் உள்ள காபன் எல்லாம் எப்போதோ நட்சத்திரங்களுக்குள் உண்டானதே.

மூன்று தரம் தோற்ற காசாளர்

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ராதாகோவிந்த சந்திரா. இன்றைய பங்களாதேஷில் உள்ள ஜெசோர் ஊர்க்காரர். பள்ளிக்கூட இறுதிப் பரீட்சையில் மூன்று தரம் தோற்றார். அரச திறைசேரியில் நாணயம் சோதிக்கும் சின்ன வேலை. ஆனால் இரவில் ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்த்து எழுதினார். தன் அளவுகளை அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய ஒளி மாறும் நட்சத்திர அவதானிகள் சங்கத்துக்கு அனுப்பினார். மொத்தம் 37 ஆயிரத்துக்கு மேல். அந்தச் சங்கம் 1926இல் அவருக்கு ஆறு அங்குலத் தொலைகாட்டி ஒன்றை அனுப்பி வைத்தது.

அந்தத் தொலைகாட்டி பிறகு எங்கே போனது? சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு கைக்கு வந்து, கடைசியில் தமிழ்நாட்டு ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. காவலூர் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் வேறு எதுவுமல்ல, ரகுநாதாச்சாரி வேலை செய்த சென்னை வானாய்வகத்தின் வாரிசு. சென்னையிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து பெங்களூர் என்று வளர்ந்தது. அதே நிறுவனத்தில் அருணா கோஸ்வாமி, லடாக் ஹன்லேயில் உள்ள இரண்டு மீற்றர் தொலைகாட்டியால், காபன் நட்சத்திரமாக இருக்கலாம் என்று பட்டியலிடப்பட்ட மங்கலான நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறமாலை பார்த்து வகை பிரித்தார். 1867இல் ஒருவர் கண்ணால் செய்த வேலையின் தொடர்ச்சி இது.

நமக்கு என்ன?

நிறையப் பேர் கேட்பீர்கள். பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆள் போதாது, சம்பளம் போதாது, லயத்துக் கூரை ஒழுகுது, இதுக்குள்ள நட்சத்திரமா என்று. நியாயமான கேள்விதான்.

அந்த மகளின் அம்மா கொழுந்து எடுப்பவர். அன்றாடம் எத்தனை கிலோ என்று வீட்டில் தனியாக ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார். சம்பளத் துண்டு வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். ஒரு தரம் கணக்கில் குறைந்தபோது அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டித்தான் சரி செய்தாராம். அதைக் கேட்டபோதுதான் மகளுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு விளங்கியது. ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வீட்டுப் பழக்கம்.

நம் மக்களைப் பற்றி இருநூறு வருடமாக எழுதியவர்கள் மற்றவர்கள். கப்பல் பட்டியல், செக்றோல், பெரட்டுக் கணக்கு எல்லாம் அவர்கள் கையில். 1867இல் மாத்தளைப் பாதையில் நடந்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. எழுதி வைக்க அவர்களிடம் கொப்பி இருக்கவில்லை, அவ்வளவுதான். ரகுநாதாச்சாரிக்கு ஒரு பதிவேடு கையில் இருந்தது. அவர் தலைவராக இல்லாவிட்டாலும் பெயர் நின்றது. ராதாகோவிந்தருக்குப் பரீட்சைச் சான்றிதழ் இருக்கவில்லை. கொப்பி இருந்தது. அது போதுமாக இருந்தது.

எனவே ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். ஏழு பிள்ளைகள், ஏழு கொப்பி. திகதி, நேரம், நட்சத்திரம், பக்கத்து எந்த இரண்டு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டோம், வானம் எப்படி. வேறொன்றும் இல்லை. முதலில் திருவாதிரை, பழகிய பிறகு ஆர் லெப்போரிஸ். நன்றாக வந்தால், மொரட்டுவை ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் உள்ள 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டியைக் காட்டப் பிள்ளைகளை ஒரு தரம் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசை.

யாருடைய வீட்டிலாவது பழைய பைனாகுலர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். வாங்கித் தர வேண்டாம், இரவல் போதும். இரவில் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பெற்றோர் யாராவது முறை வைத்து வந்தால் பெரிய உதவி. அட்டை, பனி இரண்டுக்கும் சப்பாத்து அவசியம்!

இன்னொன்று. உங்கள் வீட்டில் வயதான தாத்தா, அப்பாயி இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த மூத்தவர்களின் பெயர், வந்த ஊர், முதல் தோட்டம் மூன்றையும் இந்த வாரமே ஒரு கொப்பியில் எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். உறுதிப்படுத்த இன்னொருவர் வருவார். எழுதாததை யாராலும் உறுதிப்படுத்த முடியாது.

நேற்று அந்த மகளின் கொப்பியைப் பார்த்தோம். ஆறு பதிவுகள். அதில் நாலாவது: "இரவு 8.10. மழை. பார்க்க முடியவில்லை." அதையும் எழுதியிருக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதாத பிள்ளை. சரி அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம்.